தோள்பட்டையில் நின்ற காற்று

பிரீசர் கதவைச் சாத்தினேனா என்ற கேள்வி மூன்றாவது தடவையாக வந்தபோது ரேணுகாதேவி அதைத் துரத்தவில்லை. வரட்டும். கவசத்துக்குள் நின்றுகொண்டு ஓர் எண்ணத்தோடு மல்லுக்கு நின்றால் உடம்பு சூடாகும், உடம்பு சூடானால் மூச்சு கனக்கும், மூச்சு கனத்தால் கண்ணாடியில் ஆவி படியும், ஆவி படிந்தால் முன்னால் நிற்கிற வண்டு வேடக்காரரின் இறக்கைகூடத் தெரியாது. கண்ணாடியின் உட்புறம் பாத்திரம் கழுவும் சோப்பை ஒரு சொட்டு விட்டுத் துடைத்திருந்தாள், இதுவரை தெளிவாகத்தான் இருந்தது, அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். காலை எட்டு மணிக்கு மாடியில் ஐஸ் டப்பாவை எடுத்தாள். வலது கையில் டப்பா, இடது கையில் துண்டு, முழங்காலால் கதவைத் தள்ளினாள், டப்பென்று ஒரு சத்தம் வந்தது. வந்ததா? வந்தது. ஆனால் அது கதவுச் சத்தமா, கீழே அண்ணன் பட்டறையில் யாரோ எதையோ போட்ட சத்தமா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. சாத்தாமல் வந்திருந்தால் இந்நேரம் தண்ணீர் கசிந்து ஹால்வரைக்கும் வந்திருக்கும். ஒரு வகையில் அது நல்ல காட்சி. ஆளில்லாத வீட்டில் தன்பாட்டுக்கு உருகுகிற ஐஸ், குளிர்ந்த தரை, அதில் வெறுங்காலோடு. வேண்டாம், காலைப் பற்றி நினைக்காதே, கால் இப்போது பூட்ஸுக்குள் இருக்கிறது, பூட்ஸ் பொம்மைக்கடை ரப்பர்ப் பாயில் வெட்டிச் செய்த கவசத்துக்குள் இருக்கிறது, அதற்குள் கால் வெந்துகொண்டிருக்கிறது. முதுகுக்குப் பின்னால் ஐஸ் தண்ணீர்ப் பாட்டிலோடு குட்டிப் பம்பு ம்ம்ம் என்று ஓடியது. அது ஓடுகிறவரைக்கும் எல்லாம் சரி. மார்பின் குறுக்கே, விலா ஓரமாக, தோளைச் சுற்றி, பனியனில் பாம்புபோல் வளைத்துத் தைத்திருந்த சலைன் டியூபுக்குள் ஐஸ் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. போவது தெரியாது, போன இடம்தான் தெரியும். நன்றாகத்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் நாற்பத்தெட்டு வயதில் அவள் உடம்பு இவ்வளவு நன்றாக இருந்து பல மாதங்கள் ஆகியிருந்தன.

அவிநாசி ரோட்டிலிருந்த அந்த அரங்கத்தில் வருடத்துக்கு ஒருமுறை வேடப் போட்டி நடந்தது. விண்வெளி வீரர், பூதம், இயந்திர மனிதர் என்று அவரவர் கையால் செய்த உடையைப் போட்டுக்கொண்டு மேடையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்க வேண்டும், அவ்வளவுதான். உள்ளே ஏசி, ஆனால் மேடைக்குப் போகிற வரிசை பக்கவாட்டுத் தாழ்வாரத்தில் நின்றது. மேலே தகரம். தகரத்துக்கு மேலே மே மாதம். ரேணுகா பதினேழாம் எண். மேடையில் இப்போது ஒன்பது. அவள் கவசம் எந்தக் கதையிலும் வருவதில்லை, அவளே யோசித்தது. உருகிய இரும்பு ஆறாக ஓடுகிற ஒரு கோள், அங்கே குழாய் வெடித்தால் ஓடிப்போய் அடைக்கிற சிப்பாய். பதினான்கு மாத வேலை. தலைக்கவசத்தைக் கழுத்து வளையத்தோடு எட்டு திருகாணி போட்டு இறுக்கியிருந்தது. ஆபத்துக்கென்று பின்னால் ஓர் ஊசி வைத்திருந்தார் அண்ணன் சென்னியப்பன், அதை இழுத்தால் நொடியில் கழன்று கையோடு வந்துவிடும். திரும்ப மாட்டக் கால் மணி நேரம் ஆகும், அதற்குள் எண் தாண்டிப்போகும். கழற்றினால் போட்டி போச்சு. அண்ணன் அதோடு இன்னொன்றும் சேர்த்திருந்தார். போன மாதம் ஒத்திகை பார்க்கும்போது பட்டறை வாசலில் அவள் மயங்கி விழுந்து, பம்பு மோட்டார் ரிவைண்டிங்குக்கு வந்திருந்தவர்கள் எல்லாம் ஓடிவந்து தூக்கி, இளநீர் வாங்க ஓர் ஆள், ஆட்டோ பிடிக்க ஓர் ஆள் என்று தெருவே கூடிவிட்டது. “இன்னொருக்கா விழுந்தீன்னா, இல்ல பாதில கழட்டற மாதிரி ஆச்சுன்னா, இந்தச் சமாச்சாரமே இனி பட்டறைல கிடையாது. சொல்லிப்போட்டேன். ஊருக்கெல்லாம் நான் பதில் சொல்லிட்டிருக்க முடியாது,” என்றார். பட்டறையின் மூலையில் கதவோரமாக இருந்த அந்த மேஜை, அதன்மேல் அவளுடைய கத்தரி, சூடான காற்று ஊதுகிற துப்பாக்கி, ரப்பர்ப் பாய்ச் சுருள், பசை. ஊருக்குத் திரும்பிவந்த பிறகு அந்த வீட்டில் அவளுக்கென்று ஏற்பட்ட இடம் மாடி அறையல்ல, அந்த மேஜைதான். அது போய்விட்டால் அவள் மறுபடியும் மாடியில் இருக்கிற, வெளிநாட்டிலிருந்து வந்துவிட்ட, பாவம் தனியாக இருக்கிற, சாப்பிட்டாளா என்று கேட்கப்படுகிற தங்கச்சி.

இரண்டு தட்டு. முதுகுத் தகட்டில், இடது பக்கம், வளையல் சத்தத்தோடு. அது நங்கை. அண்ணன் மனைவியை அவர்கள் பக்கத்தில் நங்கை என்றுதான் கூப்பிடுவது, சாந்தாமணி என்ற பெயர் ரேஷன் கார்டில்தான் இருந்தது. இந்த மாதிரிக் கவசம் போடுகிறவர்களுக்குக் கூடவே ஒருவர் வேண்டும், அது இந்த உலகத்தில் எழுதாத சட்டம். கீழே பார்க்க முடியாது, பக்கவாட்டில் பார்க்க முடியாது, மூக்கு அரித்தால் சொறிய முடியாது, படி வந்தால் யாராவது படி என்று சொல்ல வேண்டும். வேறு யாரையும் கேட்கத் தெரியாமல் நங்கையைக் கேட்டபோது, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த கையை நிறுத்தாமல், “நான் வந்து என்ன பண்ணோணும்? ஆரத்தி எடுக்கோணுமா?” என்றாள். அப்புறம் அவளே விதி போட்டாள். “நா ரெண்டு தட்டுத் தட்டுவேன். நல்லா இருக்கறேன்னா நீ ரெண்டு தட்டு. முடியலைன்னா ஒண்ணு. ஒண்ணு தட்டுனீன்னா ஊசிய உருவிப்போடுவேன், அப்புறம் என்ற கூட மல்லுக்கட்டக் கூடாது.” ரேணுகா இப்போது கையைத் தூக்கி, தொடைத் தகட்டில் இரண்டு தட்டினாள். டொக் டொக். அது உண்மை. முன்னால் நின்ற வண்டு திரும்பியது. வண்டுக்குள் இருந்தவர் ஏதோ கூட்டுறவு வங்கியில் மேனேஜர், நெற்றியில் இரண்டு கொம்பு, வியர்வையில் முகத்துப் பச்சைச் சாயம் காதுவரைக்கும் இறங்கியிருந்தது. “சார் பேசவே மாட்டேங்கறாரே, உள்ள நல்லா இருக்கறாருங்களா?” என்று நங்கையிடம் கேட்டார். கவசத்தின் தோள் அகலத்தைப் பார்த்துக் காலையிலிருந்து எல்லாரும் சார் என்றுதான் சொன்னார்கள். நங்கை திருத்தவில்லை. “சாருக்கென்னங்க, உள்ளுக்குள்ள ஊட்டி மாதிரி இருக்கறாரு. நாமதான் வெளிய வேகறோம்,” என்றாள். “நீங்க அவரு சம்சாரமுங்களா?” “ஐயோ சாமி, எனக்கு ஊட்ல ஒண்ணு இருக்குது, அதுவே போதும்.” வண்டு சிரித்தது, சிரித்தபோது இறக்கை ஆடி ஒரு கீற்றுக் காற்று வந்தது, தலைக்கவசத்துக்குள் இருந்த கம்ப்யூட்டர் விசிறி அதை உறிஞ்சி அவள் நெற்றிக்குக் கொடுத்தது. சூடான காற்றுதான். ஆனாலும் காற்று. இன்னும் கொஞ்சம் சிரியுங்கள் சார் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள்.

இருட்டில் இருப்பதுபோல இருந்தது உள்ளே, ஆனால் இருட்டு இல்லை, ஒரு கை அகலத்துக்கு உலகம் தெரிந்தது, அது போதுமாக இருந்தது. யாருக்கும் அவள் முகம் தெரியாது. முகத்தை எதற்காகவும் தயார் செய்ய வேண்டியதில்லை. வெளிநாட்டில், வின்னிபெக்கில் குளிர்காலத்தில் தொப்பி, கழுத்துத்துணி, மேலே கோட்டின் மூடாக்கு எல்லாம் போட்டு பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போதும் இப்படித்தான், கண் மட்டும் வெளியே. பத்தொன்பது வருடம் அங்கே ஒரு கம்பெனியில் வீடுகளைச் சூடாக்குகிற காற்றுக் குழாய்களுக்கு வரைபடம் போட்டாள். உலை அடித்தளத்தில் இருக்கும், அங்கிருந்து வெப்பக்காற்று எந்த அறைக்கு எவ்வளவு, எந்த மூலையில் திரும்ப வேண்டும், எங்கே நின்றுவிடும், எல்லாம் அவள் கோடு. மனிதர்களைச் சூடாக வைத்துக்கொள்வதற்கே பாதி ஆயுள் போனது. நடுவில் ஒரு கல்யாணம் நடந்து, சண்டைகூட இல்லாமல், ஏப்ரலில் வாசல் பனி கரைவதுபோல் கரைந்தும் போனது. பிறகு நாற்பத்தாறாம் வயதில் ஒரு திங்கட்கிழமைக் காலை, பஸ் நிறுத்தத்தில், மைனஸ் முப்பது, நெஞ்சுக்குள் யாரோ அடுப்பைப் பற்றவைத்த மாதிரி ஒன்று கிளம்பி, கழுத்து வழியாக ஏறி, காது, தலைமுடி வேர் எல்லாம் தீ. கோட்டைக் கழற்றினாள். ஸ்வெட்டரைக் கழற்றினாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் அவளைப் பார்க்காமல் இருப்பதற்காக ரோட்டைப் பார்த்தார்கள். தான் சாகப்போகிறோம் என்று நினைத்தாள், பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள், சாகவில்லை. அதற்குப் பெயர் உண்டு, மருத்துவர் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார், மாதவிடாய் நிற்கிற காலத்தில் வருவது, சிலருக்கு இரண்டு வருடம், சிலருக்குப் பத்து. தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள், யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்கு வந்த பிறகும் சொல்லவில்லை. ஊரில் எல்லாருக்குமே வேர்த்தது, அதனால் மறைப்பது சுலபமாக இருந்தது. இந்தக் குளிர்ப் பனியனைக்கூட அவள் முதலில் தைத்தது கவசத்துக்காக அல்ல, தனக்காக. மாடியில் யாரும் இல்லாதபோது போட்டுக்கொண்டு உட்காரலாம் என்று. அதற்குமேல் போட்டுக்கொள்ள ஒரு காரணம் வேண்டியிருந்தது, கவசம் அப்புறம் வந்த காரணம். பட்டறை வாசலில் விழுந்தது கவசத்தால் அல்ல என்று அவளுக்கு மட்டும் தெரியும். கதவைச் சாத்தினேனா? சாத்தினேன், முழங்காலால்.

பன்னிரண்டாம் எண் என்று மைக்கில் கூப்பிட்டார்கள். வரிசை நகர்ந்தது, வண்டு நகர்ந்தது, நகர்ந்தபோது வண்டின் இடது இறக்கை தாழ்வாரத் தூணில் மாட்டிக்கொண்டு விண்ணென்று பின்னால் வந்தது. “குனி!” என்றாள் நங்கை. ரேணுகா குனிந்தாள். இடுப்பிலிருந்து, முழுவதுமாக, ஒரு பெரிய மனிதருக்கு வணக்கம் வைப்பதுபோல. இறக்கை தலைக்குமேல் போயிற்று. “சாரி சார், சாரி சார்,” என்றது வண்டு. அவள் நிமிர்ந்தாள். நிமிர்ந்தபோது முதுகில் ம்ம்ம் இல்லை. கிர்ர்ர் என்று வேறொரு சத்தம், காலியான டம்ளரில் ஸ்ட்ராவை வைத்து உறிஞ்சுவதுபோல. ஒரு கணம் அவளுக்கு விளங்கவில்லை, அடுத்த கணம் விளங்கிவிட்டது, விளங்கியதும் சிரிப்பு வந்தது, சிரிக்கக்கூடிய நிலைமையா இது. அண்ணன் சொன்னார். வரைபடத்தைப் பார்த்த உடனே, பேனாவால்கூடத் தொடாமல், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சொன்னார், “தோளு மேட்டுல டியூபு வளைஞ்சு எறங்குது பாரு, அங்க காத்துப் போறதுக்கு ஒரு வழி வெய்யி. இல்லாட்டி காத்துப் புடிச்சு நின்னுக்கும்.” அவள், “நான் எல்லாம் கணக்குப் போட்டுத்தான் வரைஞ்சிருக்கேன்ணா,” என்றாள். போட்டிருந்தாள், எல்லாக் கணக்கும் சரியாகத்தான் இருந்தது, ஆனால் பத்தொன்பது வருடமாகக் காற்றையே ஓட்டி வந்த கை அது. காற்று எங்கே போனாலும் நல்லது என்று பழகிய கை. தண்ணீர்க் குழாய்க்குள் காற்று விரோதி என்பது கணபதிப் பக்கம் பம்பு செட் ரிப்பேர் பார்க்கிற யாருக்கும் தெரியும், அவளுக்கு மட்டும் மறந்துபோயிற்று. குனிந்தபோது பாட்டிலில் தண்ணீர் ஒருபக்கம் ஒதுங்கி, பம்பு ஒரு மடக்குக் காற்றைக் குடித்திருந்தது. அந்த மடக்கு இப்போது வலது தோள்பட்டை உச்சியில் குந்தியிருந்தது. தண்ணீர் அதைத் தாண்ட முடியாமல் நின்றது. இப்போதைக்கு டியூபில் இருக்கிற தண்ணீர் குளிர்ச்சிதான். ஐந்து நிமிடம் தாங்கும். ஆறு நிமிடம். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து, பதினாறு, ஆளுக்கு மூன்று நிமிடம். மொத்தம் பதினைந்து நிமிடம். பாதிகூடத் தாங்காது.

இரண்டு தட்டு. அவள் இரண்டு தட்டினாள். டொக் டொக். அது பாதிப் பொய். இடுப்பில் கட்டிய மோர்ப் பையின் குழாய் தலைக்கவசத்துக்குள் உதட்டோரம் வந்து நின்றது, ஒரு வாய் உறிஞ்சினாள், இஞ்சியும் கறிவேப்பிலையுமாக நெஞ்சுக்குள் இறங்கியது. மணிக்கட்டில் வைத்திருந்த ஐஸ் துண்டு கரைந்து கையுறை சொதசொதவென்று ஆகியிருந்தது, விரல்களை ஆட்டினாள், அதுவும் ஒரு சுகம். மெதுவாக மூச்சு. மூக்கு வழியாக உள்ளே, வாய் வழியாகக் கீழ்நோக்கி, கண்ணாடியில் படாமல். பெரிதாக எதையும் நினைக்காதே, சின்னதாக நினை. மோர். கறிவேப்பிலை. வண்டின் முதுகில் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருக்கிற கண்ணாடிச் சில்லு, சேலை பார்டரிலிருந்து பிய்த்ததாக இருக்க வேண்டும், யாருடைய சேலையோ. பதின்மூன்று என்று கூப்பிட்டார்கள். அப்போதுதான் அது வந்தது. எப்போதும்போல நெஞ்செலும்புக்குப் பின்னாலிருந்து, ஒரு தீக்குச்சி உரசுகிற அளவுக்கு முதலில். இப்போது வேண்டாம், என்றாள் அதனிடம். தயவுசெய்து இன்னும் பத்து நிமிடம். அது கேட்கிற ஜாதி அல்ல. ஏறியது. கழுத்து வளையத்தில் எட்டு திருகாணி, அதற்கு வெளியே போக வழியில்லை, தோளில் நின்ற காற்றைப்போல அதற்கும் போக வழியில்லாமல் தலைக்கவசத்துக்குள் நிரம்பியது. காது கொதித்தது. கண்ணாடி ஓரத்தில் வெள்ளை படர்ந்தது. இதயம் அடிக்கிற சத்தம் பம்புச் சத்தத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. பட்டறை வாசல் ஞாபகம் வந்தது, கறுப்பாகச் சுருங்குகிற ஓரம், அதற்கு நடுவில் ஒருவருடைய செருப்பு, அதுதான் விழுவதற்கு முன் கடைசியாகப் பார்த்தது. இப்போது அந்தக் கறுப்பு வருகிறதா? வரவில்லை. வருகிறதா? தெரியவில்லை. பதினேழு. மேஜை. கத்தரி. சாப்பிட்டாளா. இவ்வளவு பேருக்கு முன்னால் விழுந்தால் நங்கைதான் தாங்க வேண்டும், ஐம்பத்திரண்டு வயது, முழங்கால் வலி, கவசத்தோடு சேர்த்து இவளைத் தாங்கினால் இரண்டு பேரும் ஆஸ்பத்திரி. இரண்டு தட்டு வந்தது. ரேணுகாவின் கை தொடைவரைக்கும் வந்து நின்றது. இரண்டு தட்டலாம். தட்டிவிட்டு நிற்கலாம், இதுவரைக்கும் எல்லாவற்றையும் அப்படித்தானே தட்டினாள், பஸ் நிறுத்தத்தில், ஆபீஸில், போனில், மாடியில், எப்படி இருக்கே என்றால் டொக் டொக். நங்கை மறுபடி தட்டினாள், இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக. ரேணுகா ஒரே ஒரு தட்டு தட்டினாள்.

ஊசி உருவப்படும் சத்தத்துக்காகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். சத்தம் வரவில்லை. அதற்குப் பதில் பின்கழுத்தில், வளையத்துக்கும் முதுகுத் தகட்டுக்கும் நடுவில் டியூப் போவதற்காக விட்ட இடைவெளியில், இரண்டு விரல் நுழைந்தன. மஞ்சள் வாசனை உள்ளேவரைக்கும் வந்தது. விரல்கள் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வெளியே போயின. “வேர்வை ஓடுது. காஞ்சிருந்தா வெக்கை தாக்கிருச்சுன்னு கழட்டிப் போட்டிருப்பேன்,” என்றது நங்கையின் குரல், காதுத் துளைக்கு நேராக, ரகசியம் சொல்வதுபோல. “நெஞ்சுக்குள்ள இருந்து கெளம்பிக் காதுக்கு வந்துச்சா?” ரேணுகா தலையாட்ட முடியாமல், “ம்,” என்றாள். “தல சுத்துதா, இல்ல எரியுது மட்டுந்தானா?” யோசித்தாள். யோசித்துப் பார்த்தால் எரிச்சல் மட்டும்தான், சுற்றும் என்ற பயம்தான் மீதி. “எரியுது.” “அப்புறம் என்ன. நின்னுக்கோ அம்முணி. மூணு நிமிசம். போயிரும்.” மூன்று நிமிடம். அச்சடித்த தாளில்கூட அது சரியாகப் போட்டிருக்கவில்லை, சில நிமிடங்கள் என்றுதான் இருந்தது. மூன்று நிமிடம் என்று கடிகாரம் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஈரத் துணி ஒன்று அந்த இடைவெளி வழியாகக் கழுத்தில் வந்து உட்கார்ந்தது, எங்கே வைத்திருந்தாளோ, ஐஸ் தண்ணீரில் நனைத்த புடவைத் தலைப்புத் துண்டு மாதிரி இருந்தது. “உங்களுக்கும் வந்துச்சா நங்கை?” என்றாள், சத்தமாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது, வண்டு திரும்பிப் பார்த்தது. “ஏழு வருசம் வந்துது. பிரிஜ்ஜுக்குள்ள தலைய உட்டுட்டு நிப்பேன். உங்கொண்ணன் வந்தா, உள்ள கொத்தமல்லி தேடறேன்னு சொல்லுவேன். இந்த மனுசனும் நம்பிக்கிட்டு, ஏழு வருசமா அந்தக் கொத்தமல்லி கெடைக்கவே இல்லியான்னு ஒருநாளும் கேக்கல.” “எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?” “சொன்னேனே. போன்ல. ஒரே வேக்காடா இருக்குது அம்முணின்னேன். ஏசி போட்டுக்கங்கன்னு சொன்னே.”

சொன்னாள். எந்த வருடம், எந்த மாதம் என்றெல்லாம் தெரியாது, ஆனால் ரேணுகா அப்படிச் சொன்னாள், அந்த வாக்கியம் அவள் வாயிலிருந்து வரக்கூடியதுதான். சமையலறை மேடையில் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, இங்கே ஹீட்டர் ரிப்பேர் என்று தன் கஷ்டத்தைச் சொல்லியிருப்பாள், அங்கிருந்து வேக்காடு என்று வந்ததும், ஏசி போட்டுக்கங்க நங்கை, அவ்வளவுதான், அடுத்த பேச்சு. பம்பு சத்தம் மாறுவது கேட்டவளுக்கு அது கேட்கவில்லை. வருத்தம் வரும் என்று எதிர்பார்த்து நின்றாள், வந்தது, ஆனால் கூடவே ஓர் ஆசுவாசமும் வந்தது, கட்டியிருந்த கயிறு ஒரு சுற்று தளர்ந்த மாதிரி. எரிச்சல் உச்சிக்குப் போய் அங்கேயே நின்று, பிறகு, வந்த வழியே இறங்கத் தொடங்கியிருந்தது. நங்கை எண்ணிக்கொண்டே இருந்தாளோ என்னவோ, “ஆச்சு,” என்றாள். ஆகியிருந்தது. “உம்பட பம்பு காத்துப் புடிச்சு நிக்குது, கேக்குதா?” “தெரியும்.” “தெரியுமாக்கும்! தெரிஞ்சுட்டு ரெண்டு தட்டுத் தட்டறா பாரு. முப்பது வருசமா இந்தச் சத்தத்தக் கேட்டுட்டுத்தான் சோறாக்கறேன். பின்னால சாயி.” “எங்கே சாயறது?” “என்ற மேலதான். வேற எவன் மேல சாய்வே?” ரேணுகா சாய்ந்தாள். பதினெட்டு கிலோ கவசமும் அவளுமாக. கீழே விழாமல் ஏதோ ஒரு சுவர்போலத் தாங்கியது, அந்தச் சுவர் முனகியது, “கொஞ்சம் சோத்தக் கொறைக்கலாம் சாரு,” என்றது. பிறகு வலது தோள்தகட்டில் பொத் பொத்தென்று குத்து விழுந்தது. மூடி கழலாத ஊறுகாய் பாட்டிலைக் குத்துவதுபோல, வஞ்சனையில்லாமல். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. “அக்கா, சாரை அடிக்காதீங்க அக்கா!” என்று வண்டு பதறியது. “அடிக்கலீங்க, காத்து எடுக்கறேன்,” என்றாள் நங்கை, மூச்சு வாங்கிக்கொண்டே. நான்காவது குத்தில், தோளுக்குள் ஏதோ ஒன்று குளுக் என்றது. அது மெல்ல, மிக மெல்ல, முதுகு வழியாகப் பாட்டிலை நோக்கி நகர்வதை, ஒரு சிறு விரல் தடவிப்போவதுபோல ரேணுகா உணர்ந்தாள். கிர்ர்ர். கிர்ர். ம்ம்ம்ம். தண்ணீர் தோள் மேட்டைத் தாண்டி மார்பில் இறங்கியபோது அவள் வாயைத் திறந்து, ஆவென்று, யாருக்கும் கேட்காமல், கேட்டாலும் பரவாயில்லாமல், ஒரு சத்தம் போட்டாள்.

பதினேழு என்று கூப்பிட்டபோது நங்கை, “படி. இன்னொண்ணு. இன்னொண்ணு. மேடை,” என்று சொல்லிக் கையை விட்டுவிட்டாள். மேடைமேல் கூட வரக்கூடாது. ஓரத்துத் திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். ஏசி காற்று கவசத்தின் இடுக்குகளிலெல்லாம் புகுந்தது. விளக்குகள் கண்ணைக் கூசவைத்தன. எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று அந்தக் கையகலத் துவாரத்தில் தெரியவில்லை, ஒரு பெரிய இரைச்சல்தான் தெரிந்தது, உருகிய இரும்பு ஓடினால் இப்படித்தான் இரையும் என்று நினைத்துக்கொண்டாள். நாற்பது அடி. நடந்தாள். குழாய் வெடித்துவிட்டது, ஓடு என்று மனதில் நினைத்து ஒத்திகை பார்த்த நடை, ஆனால் இன்று ஓடத் தோன்றவில்லை. வேலை முடித்துவிட்டு வருகிற சிப்பாய்போல, குழாயை அடைத்தாயிற்று, இனி வீட்டுக்குப் போகலாம் என்பதுபோல நடந்தாள். மைக் வைத்திருந்தவர், “சார், உள்ள எப்படி இருக்கு? சூடா இருக்கா, கூலா இருக்கா?” என்று மைக்கைத் தலைக்கவசத்தில் இடித்தார். “ரெண்டும்,” என்றாள். பெண் குரல் கேட்டதும் கூட்டம் போட்ட கூச்சலில் தகரமே எகிறியிருக்கும். அவள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வந்து சேர்ந்துவிட்டாள். தலைக்கவசத்தோடு. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. பரிசெல்லாம் மாலையில்தான் சொல்வார்களாம், அதற்கு நிற்க வேண்டுமா என்று பிறகு யோசித்துக்கொள்ளலாம்.

திரைக்குப் பின்னால் இறங்கினால் நங்கை சுற்றிக்கொண்டு வந்து நின்றிருந்தாள். புடவைத் தலைப்பு நனைந்திருந்தது, ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தாள். அந்தச் சின்னத் துவாரத்தில் ரேணுகா அவள் முகத்தை முழுவதுமாக வைத்துப் பார்த்தாள், சுற்றி வேறெதுவும் தெரியாததால் அந்த முகம் மட்டும்தான் உலகத்தில் இருந்தது. “பிரீசரச் சாத்தினேனான்னு தெரியல நங்கை,” என்றாள். “நாஞ் சாத்துனேன். தெறந்து போட்டுட்டு வந்துருந்தே. கொத்தமல்லி தேடுனயாக்கும்?” என்றாள் நங்கை. ரேணுகா கையுறைக் கையைத் தூக்கி, நங்கையின் தோளில், எலும்பு தெரிகிற இடத்தில், இரண்டு தட்டு தட்டினாள். நங்கை தன் தோளைப் பார்த்தாள். “இதென்ன, என்னயத் தட்டறே? எனக்கென்ன, நா நல்லாத்தான்…” என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். சுற்றுமுற்றும் பார்த்தாள், யாரும் கவனிக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, கவசத்தின் நெஞ்சில் விரல் முட்டியால் ஒரே ஒரு தட்டு தட்டினாள். “காலு உட்டுப்போச்சு அம்முணி. காத்தால இருந்து நிக்கறேன், உக்கார ஒரு சேர் கெடையாது.” உருகிய இரும்புக் கோளின் சிப்பாய் திரும்பி, பம்பு ம்ம்ம் என்று ஓட, கூட்டத்துக்குள் போனார். கீழே பார்க்க முடியாமல், பக்கவாட்டில் பார்க்க முடியாமல், போட்டோ எடுக்கிறவர்களை விலக்கிக்கொண்டு, இறக்கை கழற்றி உட்கார்ந்திருந்த வண்டைத் தாண்டி, தின்பண்டக் கடையோரம் காலியாக இருந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாக, நங்கை நின்ற இடத்துக்குச் சரியாகத் திரும்பி வந்தார்.